கருவிலுள்ள குழந்தையின் வயிற்றுச் சுவர்க் குறைபாடுகள்: ஸ்கேன் குறித்த கேள்வி பதில்

எனக்கு இப்போது 10 வாரம். குழந்தையின் குடல் தொப்புள்கொடிக்குள் தெரிவதாக ஸ்கேனில் சொன்னார்கள். இது குறைபாடா, டாக்டர்?

இந்த வாரத்தில் அதைக் குறைபாடு என்று சொல்லவே கூடாது. குடல் வயிற்றறையைவிட வேகமாக வளர்வதால், ஏறக்குறைய 8ஆவது வாரத்தில் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் இறங்குகிறது. அங்கே சுழன்று, பெரும்பாலும் 12 வாரம் நிறைவதற்குள் வயிற்றுக்குள் திரும்பிவிடுகிறது. குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் 45 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகும் குடல் வெளியே இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். கல்லீரல் மட்டும் இதற்கு விலக்கு. அது இயல்பான வளர்ச்சியில் எந்த வாரத்திலும் வெளியே வருவதில்லை. உங்களுக்கு 12 அல்லது 13 வாரத்தில், குழந்தையின் கழுத்தின் பின்புற நீர்ப் படலத்தை அளக்க எடுக்கும் என்.டி. ஸ்கேனில் இதை மறுபடி பார்த்தால் போதும்.

20ஆவது வாரத்தில் குறைபாடுகளைக் கண்டறிய எடுக்கும் அனாமலி ஸ்கேனில் ஒருவர் காஸ்ட்ரோஸ்கைசிஸ் என்றும், மற்றொருவர் ஆம்ஃபலோசீல் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் குடல் வெளியேதானே இருக்கிறது?

இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதால், எது என்று உறுதி செய்யாமல் அடுத்த எந்த முடிவையும் எடுக்காதீர்கள். தொப்புள்கொடி எங்கே வந்து சேர்கிறது, வெளியே உள்ள உறுப்புகளை ஒரு சவ்வு மூடியிருக்கிறதா என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். காஸ்ட்ரோஸ்கைசிஸில் தொப்புள்கொடி தன் இயல்பான இடத்திலேயே சேர்ந்திருக்கும். திறப்பு பெரும்பாலும் அதற்கு வலப்பக்கத்தில் இருக்கும். குடல் உறையேதுமின்றிப் பனிக்குட நீரில் மிதக்கும். ஆம்ஃபலோசீலில் திறப்பு நடுவிலேயே அமைந்து, உறுப்புகள் ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கும். தொப்புள்கொடி அந்தப் பையின் மீதே வந்து சேரும். இரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் கொடியின் இரத்தக் குழாய்களைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். கருப்பையிலேயே சவ்வு கிழிந்துபோன ஆம்ஃபலோசீல், பார்வைக்குக் காஸ்ட்ரோஸ்கைசிஸ் போலவே இருக்கும் என்பதால், உறையின்றிக் கல்லீரலும் வெளியே தெரிந்தால் நான் மிகவும் கவனமாக மறுபடி பார்ப்பேன்.

காஸ்ட்ரோஸ்கைசிஸ் பெரும்பாலும் தனித்தே வருவது. குரோமோசோம் கோளாறு அதனுடன் சேர்ந்து வருவது அரிது. ஆம்ஃபலோசீலோடு வேறு குறைபாடுகளும் அடிக்கடி சேர்ந்து வருவதால், இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், முகம் எனக் குழந்தையை முழுவதுமாகப் பார்க்க வேண்டும்; இதயத்துக்கெனத் தனியாக ஃபீட்டல் எக்கோவும் அவசியம். நல்ல வசதியுள்ள மையங்களில் காஸ்ட்ரோஸ்கைசிஸ் குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பிழைக்கிறார்கள். ஆம்ஃபலோசீலின் விளைவை, உடன் வேறு என்ன இருக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

என் தங்கைக்கு ஆம்ஃபலோசீல் என்று உறுதியாகிவிட்டது. பை சிறியது, கல்லீரல் உள்ளேயே இருக்கிறது என்பதால், குரோமோசோம்களைப் பார்ப்பதற்கான பனிக்குட நீர்ப் பரிசோதனை வேண்டாம் என்று வீட்டில் நினைக்கிறோம்.

அந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, குடல் மட்டும் உள்ள சிறிய பையோடுதான் 18ஆவது அல்லது 13ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் மிகைப்பிரதிக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. கல்லீரல் அடங்கிய பெரிய பையில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் நுரையீரல் போதிய அளவு வளராமல் போவதும், அறுவை சிகிச்சை கடினமாவதும் அங்கே பெரிய கவலைகள். குரோமோசோம் முடிவு சரியாக வந்தாலும், நாக்கு பெரிதாகவோ சிறுநீரகங்கள் பெருத்தோ தெரிந்தால் உடலும் உறுப்புகளும் அளவுமீறி வளரும் பெக்வித்–வீடெமன் நோய்க்குறித் தொகுப்புக்கான தனிச் சோதனையையும் கேளுங்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே தெரிந்திருப்பது உயிர்காக்கும்.

காஸ்ட்ரோஸ்கைசிஸ், 30 வாரம். ஒவ்வொரு ஸ்கேனிலும் எடை குறைவு என்கிறார்கள். நான் சரியாகச் சாப்பிடாததாலா?

இல்லை, அம்மா. எடையைக் கணக்கிடும் சூத்திரத்தில் வயிற்றுச் சுற்றளவும் ஓர் அளவு. குடல் வெளியே இருப்பதால் அந்தச் சுற்றளவு சிறிதாகி, எடையும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டப்படும். எனினும் இந்தக் குழந்தைகளில் உண்மையான வளர்ச்சிக் குறைவும் அதிகம் என்பதால், இதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. இடைவெளி விட்டு எடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்டு வளர்ச்சியின் போக்கையும், பனிக்குட நீரின் அளவையும், டாப்ளரையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். வயிற்றுக்குள் எஞ்சியுள்ள குடல் வீங்கிக்கொண்டே போகிறதா என்றும் கேளுங்கள். ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குக் குடலில் அடைப்பு இருக்கும். அதற்கான முன்னறிகுறியாக இந்த வீக்கம் இருக்கலாம்.

கிரகணத்தன்று மருமகள் வெளியே போனதால்தான் இப்படி ஆனதா?

இல்லை. வயிற்றுச் சுவர் உருவாவது கர்ப்பத்தின் மிகத் தொடக்க வாரங்களில். அதற்கும் கிரகணத்துக்கும் தொடர்பே இல்லை. தயவுசெய்து அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லாதீர்கள். சொல்லியிருந்தால், இன்றே அப்படியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கருவைக் கலைத்துவிடுமாறு உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கருவில் கடுமையான குறைபாடு இருந்தால், 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும், அதற்குப் பிறகு மருத்துவக் குழுவின் ஒப்புதலோடும் கருக்கலைப்புச் செய்துகொள்ளலாம். தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள், உறவினர்கள் அல்லர். தனித்து வந்த காஸ்ட்ரோஸ்கைசிஸ் என்றால், குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் நேரில் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

சிசேரியன்தான் செய்ய வேண்டுமா? எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்கலாமா?

காஸ்ட்ரோஸ்கைசிஸுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. கல்லீரல் அடங்கிய மிகப் பெரிய ஆம்ஃபலோசீலுக்குப் பெரும்பாலும் சிசேரியனையே தேர்ந்தெடுக்கிறோம். எந்த முறையில் என்பதைவிட, எங்கே என்பதையே நான் வலியுறுத்துவேன்: பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை சிகிச்சையும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையில் பிரசவம் நடக்க வேண்டும். குழந்தை உங்கள் வயிற்றுக்குள் இருக்கும்போதே பயணம் செய்வது, பிறந்த பின் ஆம்புலன்ஸில் செல்வதைவிடப் பாதுகாப்பானது. 36ஆவது வாரத்துக்கு முன்பே அந்த ஊரில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அதற்குள் ஊரிலேயே பிறந்துவிட்டால், வெளியே உள்ள குடலை உள்ளே தள்ள யாரும் முயலக் கூடாது. சுத்தமான பிளாஸ்டிக் பையால் மார்பு வரை மூடி, குடல் முறுக்கிக்கொள்ளாதபடி வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இரைப்பைக்குள் குழாய் செலுத்தி, நரம்பு வழியே திரவம் ஏற்றி, உடல் சூடு குறையாமல் அனுப்ப வேண்டும். இந்த வரிகளை உங்கள் ஸ்கேன் கோப்பின் முன்பக்கத்தில் எழுதி வைத்து, பிரசவ அறைச் செவிலியரிடம் காட்டுங்கள்.