வைக்கோல் லாரியும் ரவுட்டரும்

கேள்வி: 1500 பைட் பாக்கெட் (வலையில் ஒரே கட்டாகப் போகும் தரவு), நடுவே இரண்டு ரவுட்டர் (பாக்கெட்டை வாங்கி அடுத்த இணைப்பில் அனுப்பும் கருவி), மூன்று இணைப்பும் செகண்டுக்கு 10 மெகாபிட் வேகம். தாமதம் 1.2 மில்லி செகண்ட் என்றேன்; சார் தப்பு என்கிறார். ஏன்?
– கல்லூரி மாணவி, செங்கோட்டை

பதில்: சார் சொன்னதுதான் சரி, தாயி. புளியரை செக்போஸ்ட் பக்கம் என் மாமா டீக்கடை வைத்திருந்தார். கேரளா போகும் வைக்கோல் லாரி முழுசாக வந்து நின்ற பிறகுதான் சீட்டைப் பார்ப்பார்கள். ரவுட்டரும் அப்படித்தான், கடைசி பிட் வந்து சேரும்வரை அடுத்த இணைப்பில் விடாது. 1500 பைட், அதாவது 12,000 பிட்டுக்கு ஓர் இணைப்பில் 1.2 மில்லி செகண்ட் என்றால் மூன்றுக்கு 3.6. ஃபைபரில் 20 கிலோமீட்டர் ஓட 0.1தான், அதை விடு. வரிசைதான் பெரும்பாடு: முன்னால் இதே அளவில் ஐந்து பாக்கெட் நின்றால் இன்னும் 6 கூடும். லாரியாவது சாலையோரம் காத்துக் கிடக்கும்; ரவுட்டரோ பஃபர் (பாக்கெட் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பினால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். அப்புறம், இணைப்புக்கு 1 சதவீதம் தொலைந்தால் மொத்த இழப்பு 3 அல்ல, 2.97. ஏற்கெனவே தொலைந்தது மறுபடி தொலையாதல்லவா?