சிங்கப்பூர் பில்லில் ஒரே தண்ணீருக்கு மூன்று கட்டணம் ஏன்? அது ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கேட்டவர் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஓராண்டு ஆகிறதாம். வாடகைக்கு எடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வந்த பில்லைப் பார்த்துவிட்டு, "தண்ணீருக்கு ஒன்று, தண்ணீர் வரி ஒன்று, சாக்கடைக்கு ஒன்றா?" என்று எழுதியிருக்கிறார். போன மாதம் தொகை திடீரென்று கூடியதாகவும் சொல்கிறார். ஆமாம், அப்படித்தான். நான் ஈசூனில் இருபது வருடமாக இந்த பில்லைக் கட்டி வருகிறேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இதே எரிச்சல்தான் வந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பில் அனுப்புவது எஸ்பி குழுமம், தண்ணீர் தருவது பொதுப் பயனீட்டுக் கழகம். மின்சாரம், எரிவாயு, குப்பை அள்ளும் கட்டணம் எல்லாம் ஒரே தாளில் வருவதால் மொத்தத் தொகையைப் பார்த்துத் தண்ணீரைத் திட்டிவிடுகிறோம். தண்ணீருக்கான பகுதியை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, கணக்கு இதுதான்: தண்ணீருக்கு 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 43 காசு. அதன்மேல் 50 விழுக்காடு நீர்ப் பாதுகாப்பு வரி, 72 காசு. கழிவுநீருக்கு 1 வெள்ளி 9 காசு. மொத்தம் 3 வெள்ளி 24 காசு. இது மாதம் 40 கன மீட்டர் வரைக்கும், பொருள் சேவை வரி சேர்க்காமல். 40ஐத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு மட்டும் விலையும் கூடும், வரியும் 65 விழுக்காடாகும். சாதாரணக் குடும்பம் 40ஐத் தொடுவது கஷ்டம். வீட்டில் நாள்தோறும் 1,300 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

கழிவுநீருக்குத் தனி மீட்டர் கிடையாது. குழாயில் வந்ததெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டதாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். எங்கள் வீட்டு நடைபாதையில் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றுகிற தண்ணீருக்கும் சாக்கடைக் கட்டணம் கட்டுகிறேன். கறிவேப்பிலை அதற்கேற்ற மாதிரி இலை தருவதால் புகார் இல்லை.

இனி ஏற்றத்தின் கதை. 1997இல் தொடங்கி 2000 வரை படிப்படியாக ஏற்றினார்கள். அதற்குப் பிறகு 17 வருடம் தொடவே இல்லை. தொடாமல் விட்டதுதான் 2017இல் வந்த அதிர்ச்சிக்குப் பாதிக் காரணம் என்பது என் கருத்து. அந்த வருட பிப்ரவரியில் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் வரவுசெலவுத் திட்டத்தில் 30 விழுக்காடு ஏற்றம் என்றார். அடுத்த ஒரு வாரம் எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் வேறு பேச்சே இல்லை. 2017 ஜூலையிலும் 2018 ஜூலையிலும் இரண்டு தவணையாக ஏற்றி, கழிவுநீர்க் கட்டணங்கள் எல்லாம் சேர்த்துக் கன மீட்டருக்குச் சுமார் 2 வெள்ளி 10 காசாக இருந்தது 2 வெள்ளி 74 காசானது. அப்புறம் 2023 செப்டம்பரில் அடுத்த அறிவிப்பு. 2024 ஏப்ரலில் 20 காசு, 2025 ஏப்ரலில் 30 காசு. அப்படித்தான் 3.24க்கு வந்து நிற்கிறோம்.

2017இல் சத்தமில்லாமல் இன்னொரு மாற்றமும் நடந்தது. பலர் அதைக் கவனிக்கவில்லை. அதுவரை கழிவுநீருக்கு இரண்டு கட்டணம் இருந்தது. ஒன்று, தண்ணீரின் அளவுக்கு ஏற்ப, கன மீட்டருக்கு 28 காசு. மற்றொன்று, வீட்டில் எத்தனை கழிப்பறை இருக்கிறதோ அத்தனைக்கும் மாதம் தலா 2 வெள்ளி 80 காசு. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். 2017இல் கழிப்பறைக் கட்டணத்தை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தண்ணீரின் அளவோடு சேர்த்துவிட்டார்கள்.

இதனால் யாருக்கு என்ன ஆனது? இரண்டு கழிப்பறை உள்ள வீட்டில் ஒருவர் தனியாக இருந்து, மாதம் 5 கன மீட்டர் செலவழிக்கிறார் என்று வையுங்கள். பழைய கணக்கில் தண்ணீர், வரி, கழிவுநீர் மூன்றும் சேர்ந்து 9 வெள்ளி, இரண்டு கழிப்பறைக்கு 5.60, ஆக 14.60. 2018 ஜூலைக்குப் பிறகு 2.74 வீதம் 13.70 தான். நாடே 30 விழுக்காடு ஏற்றம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய பில் குறைந்திருக்கிறது! அதே வீட்டில் நாலு பேர் இருந்து 17 கன மீட்டர் ஓடியிருந்தால் சுமார் 36.20 கட்டிய இடத்தில் 46.58. கிட்டத்தட்ட முழு ஏற்றமும் அவர்கள் தலையில். அதனால்தான் விழுக்காட்டை வைத்துக்கொண்டு யாராவது வாதம் செய்தால் உங்கள் வீட்டில் மாதம் எத்தனை கன மீட்டர் என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

சரி, ஏன் ஏறுகிறது?

இந்த ஊரில் நான்கு வழியில் தண்ணீர் வருகிறது. மழைநீரைப் பிடித்து வைக்கும் 17 நீர்த்தேக்கங்கள், ஜொகூரிலிருந்து வாங்குவது, கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீர், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுப்பது. ஜொகூர் தண்ணீர் 1,000 கேலனுக்கு வெறும் 3 சென், மலேசியக் காசில். "அவ்வளவு மலிவாக வாங்கி இவ்வளவு விலைக்கு விற்கிறார்களே" என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். அந்த 3 சென் ஆற்றில் ஓடுகிற தண்ணீருக்கான விலை மட்டும். சுத்திகரிப்பதும் எல்லை தாண்டிக் கொண்டுவருவதும் வேறு செலவு. அந்த 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரைதான் எடுக்கலாம், அதுவும் 2061 வரைதான். 2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒப்பந்தம் கையில் இருந்தாலும் மழை பெய்தால்தானே எடுக்க முடியும். நான்கே மாதத்தில் 30 விழுக்காடு அறிவிப்பு வந்தது.

மழையை நம்பாதவை மற்ற இரண்டும். ஆனால் இரண்டும் மின்சாரத்தைக் குடிக்கிறவை. கடல்நீர் ஒரு கன மீட்டரைக் குடிநீராக்கச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். புதுநீருக்கு ஒரு யூனிட் அளவு போதும். 2005இல் துவாசில் தொடங்கி இன்றைக்கு ஐந்து கடல்நீர் ஆலைகள் வந்துவிட்டன. இங்கே மின்சாரத்தில் கிட்டத்தட்ட 95 விழுக்காடு இறக்குமதி செய்யும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. எங்கோ எரிவாயு விலை எகிறினால் இங்கே குழாயைத் திறக்கிறவர் கட்டுகிறார்.

விலை வைக்கும் முறையும் இங்கே வேறு மாதிரி. மலிவான தண்ணீரையும் விலை கூடிய தண்ணீரையும் கலந்து சராசரி போடுவதில்லை. இனி கூடுதலாக ஒரு சொட்டு வேண்டுமென்றால் அது கடல்நீரிலிருந்தோ புதுநீரிலிருந்தோதான் வரவேண்டும். எனவே அந்தக் கூடுதல் சொட்டுக்கு என்ன செலவோ அதையே விலையில் காட்ட வேண்டும் என்பது அரசின் வாதம். 1991இல் கொண்டுவந்த நீர்ப் பாதுகாப்பு வரியின் நியாயமும் இதுதான். நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். 1963இல் இங்கே தண்ணீர்ப் பங்கீடு வந்து மாதக்கணக்கில் நீடித்த கதையைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லியிருக்கிறார். சின்னப் பையனாக வாளியோடு வரிசையில் நின்றவர் அவர். எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று. வரி, தண்ணீர் விலையின் விழுக்காடாக இருப்பதால், விலையை 10 காசு ஏற்றினால் வரியும் தானாக 5 காசு ஏறிவிடுகிறது. 

கழிவுநீருக்கான 1 வெள்ளி 9 காசு எங்கே போகிறது? கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை பூமிக்கு அடியில் 48 கிலோமீட்டர் சுரங்கச் சாக்கடை ஒன்று 2008 முதல் ஓடுகிறது. சரிவாகவே தோண்டியிருப்பதால் கழிவுநீர் தானாக இறங்கி ஓடும், வழிநெடுக பம்பு வைத்துத் தள்ள வேண்டியதில்லை. தீவின் மேற்குப் பக்கத்துக்கு இரண்டாம் கட்டமாகத் தோண்டிய சுரங்கம் தனி. சாங்கியில் சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி, அதே நிலையத்தின் கூரைமேல் இருக்கும் புதுநீர் ஆலைக்கு ஏறுகிறது. அங்கிருந்து பெரும்பாலும் கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளுக்குப் போகும். வறட்சி மாதங்களில் நீர்த்தேக்கங்களிலும் கலப்பார்கள். ஆக சாக்கடைக்கு என்று நீங்கள் கட்டும் காசில் கொஞ்சம் மறுபடி தண்ணீராக வருகிறது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். 2023 கணக்குப்படி இங்கே வீட்டில் ஒருவர் நாளைக்குச் சராசரியாக 141 லிட்டர் செலவழித்தார். நாலு பேர் வீட்டுக்கு மாதம் சுமார் 17 கன மீட்டர். 2024க்கு முன் 46.58 வெள்ளி, இப்போது 55.08. மாதம் எட்டரை வெள்ளி கூடுதல். வீவக வீட்டில் இருக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு அரசு தரும் யூ-சேவ் தள்ளுபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்லிலேயே கழிக்கப்படும். சின்ன வீட்டுக்குக் கூடுதலாக. தண்ணீரை எல்லோருக்கும் மலிவாக்குவதைவிட, தேவைப்படுகிறவருக்கு இப்படித் தள்ளுபடியாகக் கொடுப்பது மேல் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வீட்டில் சிங்கப்பூரர் யாரும் இல்லையென்றால் அது கிடையாது. உங்களைப் போல வேலை அனுமதியில் வந்து வாடகைக்கு இருப்பவர்கள் முழு விலையும் கட்டத்தான் வேண்டும்.

போன மாதம் உங்களுக்குத் திடீரென்று கூடியதாகச் சொல்கிறீர்கள். விலையேற்றம் நடக்காத மாதத்தில் பில் கூடியிருந்தால் விலையைச் சந்தேகிக்காதீர்கள். பழைய வகை மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து குறிப்பார். நடுவில் வரும் பில் மதிப்பீடு. குறைவாக மதிப்பிட்டிருந்தால் அடுத்த மாதம் சேர்த்து வரும்.

அதுவும் இல்லையென்றால் கழிப்பறைத் தொட்டியைப் பாருங்கள். விலை 3.24 ஆன பிறகு எங்கள் வீட்டில் 18 கன மீட்டராக இருந்தது ஒரே மாதத்தில் 31க்குப் போனது. மனைவி பிள்ளைகளைத் திட்டினாள், பிள்ளைகள் துணி துவைக்கும் இயந்திரத்தைக் காட்டினார்கள். வரவழைத்த குழாய்க்காரர் சமையலறைக் குழாயை மாற்றிவிட்டு 80 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமும் 30. கடைசியில் என் அம்மாதான் கேசரிப் பவுடரைக் கொஞ்சம் கழிப்பறைத் தொட்டியில் போட்டுவிட்டு, யாரும் தண்ணீர் தள்ளாமல் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். கீழே கிண்ணத்தில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துபோய், சத்தமே இல்லாமல் இரவும் பகலும் கசிந்திருக்கிறது. புது மூடி ஆறு வெள்ளி, நானே மாட்டினேன்.

நீங்களும் இன்றிரவு படுக்கப் போகும்முன் கேசரிப் பவுடர் போட்டுப் பாருங்கள். நிறம் இறங்கினால் வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், செலவை யார் ஏற்பது என்று வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள். இறங்காவிட்டால் கடைசி மூன்று பில்லில் உள்ள கன மீட்டர் எண்களைக் கீழே எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.