பங்காளியைக் கண்டுபிடிக்க எத்தனை எண் வேண்டும்?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா சுமார் நூறு வருடத்துக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்து, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 'திருச்சி ஜில்லா, புதூர்' என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அப்பாவுக்கு 81 வயது. அவருக்கு ஒய் டிஎன்ஏ பரிசோதனை செய்து, ஊரில் மிச்சமிருக்கும் சொந்தங்களைக் கண்டுபிடிக்க ஆசை. ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ நிறுவனத்தில் ஒய்-37, ஒய்-111, பிக் ஒய்-700 என்று மூன்று வகை இருக்கின்றன. 'அப்பா வயதானவர், ஒரே தடவையில் பெரியதையே எடுத்துவிடலாம்' என்கிறார் அண்ணன். எது சரி?
— வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். "வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போடணும் சார்?" என்று யாராவது கேட்காத நாளே கிடையாது. "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். வங்கிக் கடனுக்கா, வாங்கப்போகிற வீட்டுக்கா, பங்காளி வழக்குக்கா? அதைப் பொறுத்துத்தான் பதிமூன்று வருடமா முப்பது வருடமா என்று சொல்ல முடியும். உங்கள் கேள்வியும் அதே மாதிரிதான், சகோதரி.

முதலில் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஆண்களிடம் மட்டுமே இருக்கிற ஒய் குரோமோசோம், அப்பாவுடையது, அண்ணனிடமே இருக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்கு அது அநேகமாக அப்படியே இறங்குகிறது. ஆகவே ஒய் பரிசோதனைக்கு அப்பாவின் வயது ஒரு காரணமே இல்லை. அண்ணனே கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்துவிடலாம். (உங்களிடம் ஒய் கிடையாது என்பதால் உங்களால் கொடுக்க முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அப்பாவுக்காக அவசரமாகச் செய்ய வேண்டியது வேறு. தாய்வழி, தந்தைவழி எல்லாப் பக்கமும் சேர்த்துப் பார்க்கிற 'ஃபேமிலி ஃபைண்டர்' மாதிரியான பொதுப் பரிசோதனை அது. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஊரில் ஓர் அண்ணன் தம்பி இருந்திருந்தால், அவருடைய பேரன் உங்கள் அப்பாவுக்கு இரண்டு விட்ட சகோதரர். அந்த உறவு இந்தச் சோதனையில் அநேகமாகத் தப்பாது. நீங்களோ அண்ணனோ கொடுத்தால் ஒரு தலைமுறை கீழே இறங்கிவிடும். மூன்று விட்ட சகோதரர்களில் பத்துக்கு ஒருவர் கண்ணில் படாமலே போகலாம். நம் ஆட்கள் அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டிக்கொண்டே வந்ததால், பொதுப் பரிசோதனையில் உறவு உள்ளதைவிட நெருக்கமாகத் தெரியும். ஒய்யில் அந்தத் தொல்லை கிடையாது. அதனால் அப்பாவுக்குப் பொது, அண்ணனுக்கு ஒய்.

இனி எண் கணக்குக்கு வருவோம். ஒய் குரோமோசோமில் சில இடங்களில் சில எழுத்துகள் (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதிப்பொருள்கள்) திரும்பத் திரும்ப வரும். டிஒய்எஸ்-393 என்ற இடத்தில் ஒருவருக்கு 13 தடவை, இன்னொருவருக்கு 12 தடவை வரலாம். ஒய்-37 என்பது அப்படி 37 இடங்களில் எண்ணிப் பார்ப்பது. ஒய்-111 அதையே 111 இடங்களில் செய்கிறது. இரண்டு பேரின் எண்களைப் பக்கத்தில் வைத்து எத்தனை வித்தியாசம் என்று பார்ப்பார்கள். 37-ல் நான்கு வித்தியாசம் வரைக்கும் பொருத்தப் பட்டியலில் காட்டுவார்கள். 111-ல் பத்து வரைக்கும் காட்டுவார்கள்.

பிக் ஒய்-700 வேறு சமாச்சாரம். இந்த 700 சொச்ச எண்களோடு, ஒய்யின் எழுத்துகளையே படிக்கிறது. மொத்த ஒய்யும் 6 கோடியே 24 லட்சம் எழுத்துகள். அதை முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்ததே 2023-ல்தான். பிக் ஒய் அதில் நம்பிப் படிக்கக்கூடிய பகுதிகளை மட்டும் படித்து, உங்கள் வம்சத்தில் மட்டும் நிகழ்ந்த எழுத்து மாற்றங்களைப் பிடிக்கும். சராசரியாக எண்பது ஆண்டுக்கு ஒரு மாற்றம், அதாவது மூன்று தலைமுறைக்கு ஒன்று என்கிறது கணக்கு. எந்தக் கிளை முன்னே பிரிந்தது, எது பின்னே பிரிந்தது என்று மரம் போட இதுதான் கைகொடுக்கும். ஆனால் விலை ஒய்-37 போல மூன்று மடங்குக்கு மேல்.

இவ்வளவு நுட்பமாகப் பார்த்தும், ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்தத் தரவுத்தளத்தில் பெரும்பகுதி பிரிட்டன், அயர்லாந்து வழி வந்த அமெரிக்கர்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக ஒய்யோடு சேர்ந்தே இறங்குகிறது. ஒரே பெயர்க்காரர்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கில் குழு வைத்திருக்கிறார்கள். நமக்கு இனிஷியல்தான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். உங்கள் புதூர்க்காரர் யாரும் அங்கே மாதிரி கொடுத்துக் காத்திருக்கப் போவதில்லை.

இது நான் பட்டு அறிந்தது. 2017-ல் அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன், தந்தையர் தினத் தள்ளுபடியில் வாங்கிய பரிசோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பேராசையில் 111 எடுத்தேன். பொருத்தப் பட்டியல் வெறுமையாக வந்தது. இரண்டு வருடம் வெறுமையாகவே இருந்தது. அப்புறம்தான், யாரோ வருவார்கள் என்று காத்திருப்பதைவிட நானே ஒருவரை அழைத்துவரலாமே என்று தோன்றியது. இரண்டு விட்ட பெரியப்பாவின் பேரனுக்கு ஒரு 37 போட்டேன். குலதெய்வம் ஒன்று, தீட்டு ஒன்று, கோயிலில் தலைக்கட்டு வரி ஒன்றாகக் கட்டுகிறோம். பொருந்தாமல் எங்கே போகும்?

37-ல் 15 எண்கள் ஒத்துப்போகவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் வழியில்தான் ஏதோ கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டது எனக்கே இப்போது வெட்கம். ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய பத்திரம் ஒன்று கிடைத்தது. 1908-ம் வருடத்துச் சுவீகாரப் பத்திரம். சுவீகாரம் போனவர் என் தாத்தா! கொள்ளுத்தாத்தா தன் அக்காள் மகனையே தத்தெடுத்திருக்கிறார். ஆக நான் சுமப்பது மாமன் மச்சான் வீட்டு ஒய். ஊரார் பத்திரத்தையெல்லாம் முப்பத்தொரு வருடம் துருவியவன், சொந்த வீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போதும் அவன் எனக்குப் பங்காளிதான், தீட்டும் காக்கிறோம்.

இந்த உண்மையைச் சொல்ல 37-க்கு மேல் ஓர் எண்கூடத் தேவைப்படவில்லை. 'இந்த இருவரும் சமீபத்திய பங்காளிகளா?' என்ற குறுகிய கேள்விக்குக் குறைவான எண்களே போதும். அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் தன் அடிமைப் பெண்ணின் பிள்ளைக்குத் தகப்பனா என்ற விவகாரத்தில் 1998-ல் பார்த்தது வெறும் 19 குறியிடங்கள். அவருக்குத் தங்கிய ஆண் வாரிசு இல்லாததால், அவருடைய தகப்பனாரின் அண்ணன் வழி வந்தவர்களை, அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் எஸ்டன் வழி வந்த ஒருவரோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஆனால் தகப்பன் தாமஸா, அவர் தம்பியா, வேறொரு ஜெஃபர்சனா என்று ஒய் மட்டும் சொல்லாது. ஆண்வழி எல்லோருக்கும் அது ஒன்றுதானே! அந்த மிச்சத்தைத் தேதிகளும் குறிப்புகளும்தான் நிரப்பின. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டு எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரில் கிடைத்தபோது, ஆவணப்படி ஆண்வழி உறவினர்களான ஐந்து பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் அரசரின் ஒய் பொருந்தவில்லை. ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. அரண்மனையிலேயே அப்படி என்றால் நம் வீட்டில் ஒரு சுவீகாரமோ வீட்டோடு மாப்பிள்ளையோ பெரிய விஷயமா? போகட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அண்ணனுக்கு ஒய்-37 மட்டும் எடுங்கள். மாதிரியை நிறுவனம் பத்திரமாக வைத்திருக்கும். பிறகு பணம் கட்டினால் அதிலிருந்தே பெரிய சோதனைக்கு மாறிக்கொள்ளலாம். மிச்சப் பணத்தை ஊரில் இருக்கும் ஒருவருக்கு ஒதுக்குங்கள்.

அந்த ஒருவரை எப்படிப் பிடிப்பது? அன்றைய திருச்சி ஜில்லா என்றால் இன்றைய அரியலூர், பெரம்பலூர், கரூர் எல்லாம் சேர்த்தி. அதில் புதூர்களை எண்ணி மாளாது. குலதெய்வத்தின் பெயரை அப்பாவிடம் கேளுங்கள், சாமி பெயரோடு கோயில் பெயரும் சேர்த்து. ஒய் எந்த வழியில் இறங்குகிறதோ அதே வழியில்தான் குலதெய்வமும் இறங்குகிறது. இன்னொன்று, 1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை, கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் கட்டினார்கள். உங்கள் தோட்டத்தில் கொள்ளுத்தாத்தாவோடு வந்த மற்றக் குடும்பங்கள் எந்த ஊர் என்று சொல்கின்றன என்று பாருங்கள். அப்பாவின் வயது அவசரம் என்றால் இதற்கும்தான். ஒரு மாலை முழுக்க அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோயிலில் பங்காளி என்று ஒருவர் கிடைத்து, எதற்காக என்று சொல்லி, அவர் மனசார ஒப்புக்கொண்டால் அவருக்கும் 37 போடுங்கள். ஐந்தாறு தலைமுறைக்கு ஓர் எண் மாறுவது சகஜம் என்பதால், ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். பொருந்திய பிறகு, பிரிந்தது 1880 வாக்கிலா 1600 வாக்கிலா என்று தெரிய ஆசைப்பட்டால் அப்போது இருவருக்கும் பிக் ஒய் எடுக்கலாம். நடுவில் இருக்கிற 111-ஐ நான் வாங்கச் சொல்லமாட்டேன், வாங்கியவன் சொல்கிறேன்.

முடிவுகள் வந்த அன்றே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 23அண்ட்மீ போன்ற பெரிய நிறுவனமே 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது.

கேள்வி: ஒய் பரிசோதனை செய்தால் சாதி தெரியுமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: தெரியாது. ஒய் முடிவில் எச், எல், ஆர்2, ஜே2 என்று வரும் வம்சப் பெயர்கள் சாதி உண்டாவதற்கு எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன் பிரிந்த கிளைகள். ஒரே தெருவில், ஒரே சமூகத்தில் நான்கும் இருக்கும். எனக்கு வந்தது எச், எம்82 கிளை. அதே கிளை ஐரோப்பாவில் ஜிப்சிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்களிடமும் பரவலாக இருக்கிறது. பெரியப்பா பேரனிடம் சொன்னேன். "அப்ப இந்த வருஷம் தலைக்கட்டு வரி வசூலுக்குப் பல்கேரியா போகலாமா சித்தப்பா?" என்றான்.