ஃபூசியாவுக்கு டெல்டாவில் கோடைதான் கண்டம்

கேள்வி: மாசி மாதம் கொடைக்கானலில் இருந்து ஒரு ஃபூசியா செடி வாங்கி வந்தேன். இரண்டு வாரம் ஜிமிக்கி தொங்குவது போல அழகாகப் பூத்தது. இப்போது மொட்டெல்லாம் உதிர்கிறது, அடி இலைகள் பழுக்கின்றன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் மதியத்தில் துவண்டு போகிறது. குளிர்காலத்தில் கிளைகளை வெட்டி, செடியை இருட்டறையில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்கிறார்கள். நானும் அப்படிச் செய்ய வேண்டுமா?
– வாசகி, திருவையாறு

பதில்: முதலில் தண்ணீரைக் குறையுங்கள். ஃபூசியா இலை உச்சி வெயிலில் துவள்வதற்கு மண் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. இலை வழியாகப் போகும் நீரை வேர் அதே வேகத்தில் ஈடுகட்ட முடியாமல் போனாலும் துவளும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் வேண்டாம், தொட்டியை நிழலுக்கு நகர்த்தினால் போதும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால், சூடேறிய தொட்டிக்குள் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகல் பிடிக்கும். அழுகிய வேர் நீர் உறிஞ்சாது. செடி இன்னும் துவளும், நாமும் பதறி இன்னும் ஊற்றுவோம். உங்கள் செடியில் அடி இலை பழுப்பதைப் பார்த்தால் அந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

இன்று மாலையே செடியை மண்கட்டியோடு மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக இருக்கும், லேசாக இழுத்தால் அறாது. பழுப்பாகி, இரு விரலால் உருவும்போது மேல்தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நின்றால் அது அழுகல். அதையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சமுள்ள வேர் கொள்கிற அளவுக்குச் சின்ன மண்தொட்டியில் மாற்றுங்கள். பெரிய தொட்டி இப்போது ஆகாது. வேர் எட்டாத மண் ஈரம் காயாமல் கிடந்து மறுபடியும் அழுகலைக் கொண்டுவரும்.

கலவைக்கு நம் வயல் களிமண் கூடவே கூடாது. செம்மண், மக்கிய இலை உரம், நன்கு அலசிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, அரைப் பங்கு ஆற்று மணல். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீராவது மாற்றி ஊறவைத்துப் பிழியுங்கள். தொட்டிக்கு 10 கிராம் ட்ரைக்கோடெர்மா (வேர் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்துகொண்டால் நல்லது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். கடைமடைப் பக்கம் இருப்பவர்கள் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே வழி.

இருட்டறை யோசனை ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சொன்னது. அங்கே தரையே உறையும். அதனால் கிளையைக் குறைத்து, மண் லேசான ஈரத்தோடு, 5 டிகிரிக்குக் கீழே போகாத அறையில் உறங்க வைக்கிறார்கள். நமக்கு மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சூட்டில் இருட்டில் வைத்தால் செடி உறங்காது, வெளுத்து நெடுநெடுவென வளர்ந்து வீணாகும். ஃபூசியாவின் பூர்வீகம் பெரும்பாலும் நடு, தென் அமெரிக்காவின் குளிர்ந்த மலைக்காடுகள். பகல் 30 டிகிரியைத் தாண்டினால் மொட்டை உதிர்த்துவிடும். ஆகவே நம்மூரில் மார்கழி முதல் மாசி வரைதான் அதற்குப் பூக்காலம், பாதுகாக்க வேண்டியது பங்குனி முதல் ஆவணி வரை.

அதற்கு இப்போதே கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிடுங்கள். சித்திரை பிறந்த பிறகு வெட்டினால் வெட்டுவாயில் இருந்து கீழ்நோக்கிக் காயும். மொட்டு தென்பட்டாலும் எடுத்துவிடுங்கள், உரத்தை முழுவதும் நிறுத்துங்கள். மாடித் தளம் வேண்டாம். காலை 9 மணி வரை மட்டும் வெயில் படுகிற கிழக்குப் பக்கமோ, கிணற்றடி மர நிழலோ பாருங்கள், இல்லாவிட்டால் 75 சத நிழல்வலை கட்டுங்கள். தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்த மணலை மட்டும் தினம் நனையுங்கள். வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்க இதைவிட மலிவான வழி இல்லை. அடியில் நீர் வடியும் துளை இரண்டு தொட்டிக்கும் வேண்டும்.

ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது சிவப்புச் சிலந்தி வரும். இலை மேலே புள்ளி புள்ளியாய் வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, மாலையில் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். கந்தகத் தூள் அந்த வெப்பத்தில் இலையைக் கருக்கும், தொடாதீர்கள்.

புரட்டாசிக் கடைசியில் புதுக் கலவைக்கு மாற்றுங்கள். அடைமழை முழுக்கத் தாழ்வாரத்தில், செங்கல் மேல், அடித்தட்டு இல்லாமல் இருக்கட்டும். துளிர் மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பெருகும். கடைசியாகக் கிள்ளிய நாளில் இருந்து 6 முதல் 8 வாரத்தில் பூக்கும் என்பதால், கார்த்திகை முதல் வாரத்தோடு நிறுத்திக்கொண்டால் தைப் பொங்கலை ஒட்டிப் பூ பார்க்கலாம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை போதும். வாடிய பூவை அதன் பின்னாலுள்ள காயோடு சேர்த்துக் கிள்ளுங்கள். காய் பழுக்க விட்டால் அடுத்த மொட்டு குறையும்.

தாய்ச்செடி கோடையைத் தாண்டுவது எப்போதும் நிச்சயமில்லை. அதனால் வருடாவருடம் தை மாதத்தில் பூ மொட்டில்லாத நுனிக்கிளை நான்கைந்தை 3 அங்குலத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, மணலும் நார்க்கழிவும் கலந்த குவளையில் ஊன்றி, பாலிதீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். மூன்று வாரத்தில் வேர் விடும். இளஞ்செடி கோடையை ஓரளவு நன்றாகவே தாங்கும்.

இனி வாங்குவதானால் மாசியில் வாங்காதீர்கள், கார்த்திகையில் வாங்குங்கள். அடுக்குப் பூ ரகங்கள் வெப்பத்தில் முதலில் படுத்துவிடும். நீண்ட குழல் போன்ற ஆரஞ்சுச் சிவப்புப் பூக்கள் கொத்தாகத் தொங்கும் டிரிஃபில்லா வகைதான் ஃபூசியாவில் சூட்டை அதிகம் பொறுக்கும். 1905-இல் வெளிவந்த கார்ட்டன்மைஸ்டர் பான்ஸ்டெட் என்ற ரகம் அந்த இனம். கிடைத்தால் அதையே எடுங்கள்.