பாகம் புதுசு, பேப்பர் இடிக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் ஒரு ஃபியூவல் பம்ப் வந்தது. பளபளவென்று புத்தம் புதிது. ஆனால் அதன் பெயர்ப்பலகையில் உள்ள சீரியல் நம்பருக்கும் கூட வந்த ஃபார்ம் 1-ல் (பாகம் பொருத்தத் தகுதியானது என்று கூறும் சான்றிதழ்) உள்ள நம்பருக்கும் ஒரே ஒரு இலக்கம் வித்தியாசம். சீனியர் பம்பைக் குவாரன்டைனில், அதாவது சந்தேகத்துக்குரிய பாகங்களைத் தனியே வைக்கும் இடத்தில், வைத்துப் பூட்டிவிட்டார். விமானமோ அதற்காகத் தரையில் நிற்கிறது. விற்றவர், "டைப்பிங் தப்பு, திருத்திய பிடிஎஃப் அனுப்புகிறேன்" என்கிறார். ஓர் இலக்கத்துக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?

பதில்: தேவை. உங்கள் சீனியர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

நானும் ரிசீவிங் இன்ஸ்பெக்‌ஷனில், அதாவது வந்து சேரும் பாகங்களைச் சோதிக்கும் வேலையில், காலம் தள்ளியவன்தான். பம்பை வெளியே பார்த்து நமக்கு என்ன தெரியும்? கீறல், துரு, குழாய் வாய்களில் மூடி இருக்கிறதா, அவ்வளவுதான். உள்ளே எந்த உலோகம், எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தியது, இதற்கு முன் எங்காவது ஓடியதா என்பதையெல்லாம் அந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும். அது வேறொரு சீரியல் நம்பரைப் பற்றிப் பேசுகிறது என்றால், உங்கள் கையிலிருக்கும் பம்புக்கு இதுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

விற்றவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் திருத்தும் உரிமை அவருக்கு இல்லை. சான்றிதழில் கையெழுத்திட்ட நிறுவனம்தான், புதிய எண்ணோடு இன்னொரு சான்றிதழ் தர வேண்டும். அதில், இன்ன தேதியிட்ட, இன்ன எண் கொண்ட முந்தைய சான்றிதழின் இன்ன கட்டத்தில் உள்ள பிழையை இது திருத்துகிறது என்ற வாசகமும் இருக்கும். அப்புறம், அந்த நிறுவனத்தை நீங்களே நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள். விற்றவர் கொடுத்த தொலைபேசி எண்ணில் அழைக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023-ல் வெளிவந்த, ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற பாக விற்பனை நிறுவனத்தின் விவகாரம் இப்படித்தான் பிடிபட்டது. போர்ச்சுகலின் டிஏபி விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில், அந்த நிறுவனம் விற்ற, புதிது என்று சான்றிதழ் பெற்ற ஒரு சிறு பாகம் பழசாகத் தெரிந்தது. அங்கிருந்த பொறியாளர்கள் தயாரிப்பாளரான சாஃப்ரானிடமே கேட்டார்கள். சான்றிதழ் போலி என்று பதில் வந்தது. அதன் பிறகு தோண்டத் தோண்ட, பழைய போயிங் 737, ஏர்பஸ் ஏ320 விமானங்களில் ஓடும் சிஎஃப்எம்56 இன்ஜின்கள் 100-க்கும் மேல் இந்தச் சிக்கலுக்குள் வந்தன. பல நாட்டு விமான நிறுவனங்கள் இன்ஜினைக் கழற்றிப் பாகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. யாரோ ஒருவர் சந்தேகப்பட்டு நேரடியாகக் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஃபார்ம் 1-ல் நான் முதலில் பார்ப்பது 11-ஆம் கட்டம். புதியது, பழுதுபார்த்தது, ஓவர்ஹால் செய்தது (முழுதாகப் பிரித்துச் சீரமைத்தது) என்று பாகத்தின் நிலை அங்கேதான் இருக்கும். உடனே கீழே கையெழுத்துக்குப் போவேன். புதிதாகத் தயாரித்த பாகம் என்றால் இடப்பக்கம், 13-ஆம் கட்டம். பராமரிப்புக்குப் பின் வெளிவருவது என்றால் வலப்பக்கம், 14. ஒருமுறை 11-ல் 'பழுதுபார்த்தது' என்று இருந்தது, கையெழுத்தோ இடப்பக்கம் இருந்தது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் எந்தப் பட்டறையும் அப்படி எழுதாது. பெட்டியை அப்படியே குவாரன்டைனுக்கு அனுப்பினேன். இன்னொன்று: ஒரே சான்றிதழ் எண் இரண்டு சரக்கில் வந்தால் பழைய கோப்பை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

விமானம் நிற்கிறதே என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. போலி விற்பவனுக்கும் அது புரியும். அந்த அவசரத்தை நம்பித்தான் அவன் கடை விரிக்கிறான். தயாரிப்பாளர் மறுத்தால் பம்பைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கைகழுவாதீர்கள், அது வேறொரு ஸ்டோருக்குப் போய்ச் சேரும். அங்கீகாரமற்றது என்று சந்தேகிக்கப்படும் பாகமாக உங்கள் தரப்பிரிவு வழியாக விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற விமானத்திலிருந்து கழற்றிய பாகங்களை வாங்குவது தவறா?

பதில்: தவறே இல்லை, உலகம் முழுக்க நடக்கும் வியாபாரம்தான். அங்கீகாரம் பெற்ற பட்டறை சோதித்து, ஃபார்ம் 1-ன் வலப்பக்கம் கையெழுத்திட்டிருக்க வேண்டும். டர்பைன் டிஸ்க் மாதிரி ஆயுள் வரம்புள்ள பாகங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தயாரான நாள் முதல் எந்தெந்த இன்ஜினில் இருந்தது, எத்தனை முறை பறந்தது என்ற வரலாறு முழுதாக வேண்டும். நடுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருந்தாலும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

உங்கள் நிறுவனமே பாகங்களைக் கழித்துக்கட்டும்போது பெயின்ட் அடிப்பது, சின்னத் துளை போடுவது எல்லாம் போதாது. துளையை அடைத்து மறுபடி விற்றுவிடுவார்கள். ஒட்டவைக்க முடியாதபடி நசுக்கவோ உருக்கவோ வேண்டும். அதை உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, சீரியல் நம்பரோடு பதிவேட்டில் எழுதட்டும்.