இன்னும் ஒரு சீசன் – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

இந்தியக் கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி ஓய்வை விட்டுத் திரும்பி வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்த தைரியத்தில் இதைக் கேட்கிறேன். நான் புதுச்சேரியில் ஒரு சிறிய கால்பந்துக் கிளப்பின் செயலாளர். பெயரும் கிளப்பும் வெளியே தெரிய வேண்டாம்.

எங்களிடம் 14 ஆண்டுகள் ஒன்பதாம் எண் ஜெர்சியில், கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கராக ஆடியவர், வேலை மாறி ஓசூருக்குப் போய் அங்கே ஒரு கம்பெனி அணிக்கு இரண்டு ஆண்டுகள் ஆடினார். இப்போது ஊருக்கே திரும்பிவிட்டார். வயது 38. இன்னும் ஒரு சீசன் ஆடுகிறேன் என்கிறார். பணம் ஒரு பிரச்சினை இல்லை. எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் பயணப்படியும் சாப்பாடும்தான். ஆனால் கமிட்டி இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பொருளாளர், ஸ்வீடன் ஸ்ட்ரைக்கர் இப்ராகிமோவிச் தன் பழைய இத்தாலியக் கிளப்பான மிலானுக்குத் திரும்பிய கதையைச் சொல்கிறார். பயிற்சியாளர், ரொனால்டோ தன் பழைய இங்கிலாந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பிய கதையைச் சொல்கிறார். 19 வயதுப் பையன் ஒருவனை அந்த இடத்துக்குத் தயார் செய்து வருகிறோம். அண்ணனைச் சேர்த்தால் அவன் வெளியே உட்கார வேண்டியதுதான். சேர்க்காவிட்டால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நட்பு ஆட்டத்தில் அவரை இறக்கிப் பார்க்கிறோம். கடலூரிலிருந்து பக்கம்தானே, வந்து பார்த்துச் சொல்வீர்களா?

– ஒரு செயலாளர், புதுச்சேரி

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வந்தேன். உங்களிடம் சொல்லாமல்தான் வந்தேன். சொல்லியிருந்தால் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினேன். தவளக்குப்பம் தாண்டியதும் வழக்கமான நெரிசல். மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு அணிகளும் கோட்டை ஒட்டிப் பயிற்சி ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தன.

உங்கள் ஒன்பதாம் எண்காரர் ஓடவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வலது முழங்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து எழுந்து இரண்டடி வைத்தார். சரிப்படவில்லை போலிருக்கிறது, அவிழ்த்து, சுருட்டி, மறுபடியும் சுற்றினார். மூன்றாவது தடவைதான் திருப்தி. நிக்கரின் விளிம்பை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். நான் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டேன்.

முதல் பாதியில் அவர் பந்தைத் தொட்டது ஒன்பது முறை. எண்ணினேன். அதில் ஏழு முறை ஒரே தட்டில் பந்து நம் ஆளிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு அந்தக் கார்னர். எல்லோரும் முதல் கம்பத்தை நோக்கிப் பாய, இவர் மட்டும் இரண்டடி பின்வாங்கி நின்றார். பந்து அத்தனை தலைகளையும் தாண்டி நேராக அவர் நெற்றிக்கு வந்தது. குதிக்கக்கூட இல்லை. கோல். அப்போது நீங்கள் துண்டைச் சுழற்றியதைப் பார்த்தேன்.

நான் சொல்லவந்தது இரண்டாவது பாதியில் நடந்தது. நடுகளத்திலிருந்து தற்காப்பைப் பிளந்து ஒரு பந்து வந்தது. பந்து காலைவிட்டுக் கிளம்பும் முன்பே இவர் கிளம்பிவிட்டார். இதைக் கற்றுக்கொடுக்க எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. கிளம்பியபோது காவலுக்கு நின்ற பையனைவிட இரண்டடி முன்னால் இருந்தார். பந்தை எட்டும் இடத்தில் இரண்டடி பின்னால் இருந்தார். அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் அப்படி ஒருமுறைகூட ஓடவில்லை. கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்டார், விரலை நீட்டி மற்றவர்களை ஓடச் சொன்னார், இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி நின்றார்.

இதில் அவர் சோம்பேறித்தனம் ஏதும் இல்லை. முப்பதுகளின் நடுவில் முதலில் போவது வேகத்துக்கான தசை இழைகளின் வலு. மூச்சு அத்தனை சீக்கிரம் போவதில்லை. அதனால்தான் நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் நாற்பதிலும் ஓடுகிறார்கள். ஸ்ட்ரைக்கருக்கு வேண்டியதோ முதல் ஐந்தடி. அதைவிட முக்கியம், அந்த ஐந்தடியை ஒரே ஆட்டத்தில் முப்பது முறை திரும்பத் திரும்ப எடுக்கும் திறன். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில், ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் உடம்பு தேறும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. தொடையின் பின்தசை கிழிவதற்கு இரண்டு பெரிய காரணங்கள்: வயது, ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டிருப்பது. இவருக்கு வயது உண்டு. முழங்காலைத்தான் மூன்று முறை சுற்றினார், தொடை எப்படி என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் பொருளாளரும் பயிற்சியாளரும். இரண்டு பேரும் பாதிப் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

ரொனால்டோ 2021இல் 36 வயதில் திரும்பினார். அந்த சீசன் ப்ரீமியர் லீகில் 18 கோல் அடித்தார். தனியாகப் பார்த்தால் யார் குறை சொல்வது? ஆனால் முந்தைய சீசன் 73 கோல் அடித்து இரண்டாம் இடம் வந்த யுனைடெட், அவர் வந்த சீசனில் 57 கோல்தான் அடித்தது. ஆறாம் இடத்துக்கு இறங்கியது. முன்னால் நிற்பவர் எதிரணியைத் துரத்தாவிட்டால் அவருடைய ஓட்டத்தையும் சேர்த்துப் பின்னால் இருப்பவர்கள் ஓட வேண்டும். பழி முழுவதையும் அவர்மேல் போட முடியாது, நடுவழியில் பயிற்சியாளர் வேறு மாறினார். இருந்தாலும் 2022 நவம்பரில் ஒப்பந்தம் முறிந்த விதத்தைப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. அவர் எதற்காகத் திரும்பினார் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது, கிளப்புக்கு இன்னொரு கணக்கு இருந்தது.

இப்ராகிமோவிச் கதையை உங்கள் பொருளாளர் இடைவேளையோடு நிறுத்திவிட்டார். 2019 டிசம்பரில் அட்டலாண்டாவிடம் 0-5 என்று தோற்ற மிலான், 38 வயதுக்காரரை ஆறே மாதத்துக்கு எடுத்தது. ஆறே மாதம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 18 லீக் ஆட்டங்களில் 10 கோல். அதைப் பார்த்துவிட்டு நீட்டித்தார்கள். அடுத்த சீசன் 19 ஆட்டங்களில் 15. 2022 மே மாதம் 11 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் கோப்பை வந்தது. அத்துடன் முடித்திருக்கலாம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு 40 வயதில் மறுபடியும் ஓர் ஆண்டு கொடுத்தார்கள். அந்த ஆண்டு லீகில் நான்கே ஆட்டம், ஒரே கோல். முதலில் கொடுத்த ஆறு மாதம் வேலைக்கு. கடைசியில் கொடுத்த ஓர் ஆண்டு நன்றிக்கு. ஆள் ஒருவர்தான், கிளப் ஒன்றுதான்.

என் ஆள் இவர்கள் யாரும் இல்லை. கேமரூன் ஸ்ட்ரைக்கர் ரோஜர் மில்லா. 1990 உலகக் கோப்பைக்கு முன் அவர் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில் ஒரு கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். புதுச்சேரிக்காரரான உங்களுக்கு ரியூனியன் தெரியாத தீவு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உங்கள் ஊரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் அங்கே இன்றும் தீமிதி நடத்துகிறார்கள். அந்தத் தமிழர்களில் யாராவது ஒருவர் தோட்ட வேலை முடிந்த மாலையில் வேலிக்கு வெளியே நின்று மில்லாவைப் பார்த்திருப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொள்வதுண்டு. அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். கேமரூன் அதிபரே தலையிட்டு அவரை அணிக்கு வரவழைத்தார். 38 வயது, உங்கள் ஆளின் அதே வயது. நான்கு கோல் அடித்தார். நான்குமே மாற்று ஆட்டக்காரராக இறங்கி அடித்தவை. மற்றவர்கள் களைத்த பிறகு, களைக்காத கிழவரை இறக்கினார்கள். காலிறுதியில் இங்கிலாந்து தப்பித்ததே பெரிய பாடு.

நான்கு ஆண்டுகள் கழித்து 42 வயதில் மறுபடியும் அழைத்தார்கள். ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார்; உலகக் கோப்பையில் கோல் அடித்தவர்களில் மிக மூத்தவர் என்ற சாதனை. கேமரூன் 1-6 என்று தோற்றது. அந்த 1 மட்டும்தான் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது.

சேத்ரியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 40 வயதில் பெங்களூருவுக்கு ஒரே சீசனில் 14 கோல் அடித்தவரைத் திரும்ப அழைத்ததில் அவர் குற்றம் எதுவும் இல்லை. வந்தார், மாலத்தீவுக்கு எதிராக இந்தியாவுக்கான தன் 95ஆவது கோலை அடித்தார். ஆறு நாள் கழித்து வங்கதேசத்துடன் கோல் இல்லாத டிரா. 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை. நம் கிளப்புகள் ஸ்ட்ரைக்கர் இடத்தை ஆண்டாண்டாக வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, இந்தியப் பையன்களை ஓரத்தில் ஓடவிட்டன. ஆள் வேண்டும் என்று தேடியபோது அகப்பட்டவர் ஓய்வு பெற்றவர்தான்.

இதைச் சொல்லும்போது உங்கள் 19 வயதுப் பையன் கண்ணில் நிற்கிறான். கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே ஷின் கார்டு கட்டி, லேசை இறுக்கி, தயாராக இருந்தான். பயிற்சியாளர் தலையைத் திருப்பும்போதெல்லாம் பாதி எழுந்தான். அது நட்பு ஆட்டம் ஐயா, புள்ளி கூடக் கிடையாது. 90 நிமிடத்தில் ஒரு நிமிடம் அவனுக்குக் கொடுக்க உங்களுக்குத் தோன்றவில்லை. விசில் ஊதியதும் ஷின் கார்டைக் கழற்றினான். அதில் மண் துளிகூட இல்லை. சட்டையால் அதைத் துடைத்துத்தான் பைக்குள் வைத்தான்.

தெருவில் தலைகாட்ட முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு வருவார். கொடியேற்றும்போது சல்யூட் வைப்பார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன். மரியாதை செய்ய வேண்டும் என்பதற்காக அவர் கையில் மறுபடியும் துப்பாக்கியைக் கொடுத்து யாரும் எல்லைக்கு அனுப்புவதில்லை. உங்கள் கிளப்பில் பென்ஷன் கிடையாது, பதக்கம் கிடையாது, ஒரு வழியனுப்பு விழாக்கூடக் கிடையாது. அவர் ஓசூருக்குப் போனபோது என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தக் கடனை இப்போது ஜெர்சியாகக் கொடுத்துத் தீர்க்கப் பார்க்கிறீர்கள்.

எனக்கும் ஒரு பழைய காயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கடலூரில் எட்டு ஆண்டுகள் இடதுபுறத் தற்காப்பில் ஆடினேன், பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. ஒரு சீசன் தொடக்கத்தில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை. எழுத்தர் விட்டுவிட்டார் என்று நினைத்து, பேனாவை எடுத்துக்கொண்டு செயலாளரிடமே போனேன். அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “டீ சாப்பிடுகிறீர்களா?” என்றார். 31 வயதில் நீக்கியது நியாயம்தான். என் இடத்துக்கு வந்தவன் என்னைவிட நன்றாகவே ஆடினான். அந்த டீ மட்டும் இன்னும் இறங்கவில்லை.

ஆகவே என் பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் பதினொருவரில் வேண்டாம். கடைசி 25 நிமிடத்துக்கு. ஒன்பதாம் எண் ஜெர்சி பையனுக்கு. இவருக்கு வேறு எண். இந்த ஒரு சீசன்தான் என்பதை இப்போதே, இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கமிட்டியில் தீர்மானம் போட்டு, கடைக்காரர் வாயிலாக அவர் காதுக்குப் போக விடாதீர்கள். நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பொருளாளர் வேண்டாம், அவர் அழுதுவிடுவார். நிபந்தனை பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், கோபித்துக்கொண்டால்கூட, வாதாடாமல் எழுந்து வாருங்கள். ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவருக்கென்று ஒதுக்குங்கள். மேடை, மாலை, பழைய அணிக்காரர்கள், அவர் பிள்ளைகள் உட்பட. அந்த நிகழ்ச்சிக்குச் சொல்லி அனுப்புங்கள், இந்த முறை முன்வரிசையில் நாற்காலி போட்டால் உட்காருகிறேன்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். அந்தக் கார்னரில் இரண்டடி பின்வாங்கி நின்றாரே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பையனுக்குச் சொல்லித்தரச் சம்மதிப்பாரா? அவர் வீட்டுக்குப் போகும்போது அதையும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.