கேட்காமல் வாய் திறக்காதே

வணக்கம் அண்ணே,

பேஸ்போல் அம்பயர்மார் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் தோட்டத்து மென்பந்து கிரிக்கெட் மெச்சில் நான்தான் அம்பயர். தாழ்வாக வந்த ஒரு கெட்சுக்கு விரலைத் தூக்கிவிட்டேன். உடனே லெக் அம்பயர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு "பந்து நிலத்துல பட்டுருச்சு" என்று ஓடிவந்தார். சனம் கூவிச் சிரித்தது. நான் தீர்ப்பை மாற்றவில்லை. இப்போது எங்கள் இருவருக்கும் பேச்சில்லை. பேஸ்போலில் இதை எப்படிச் சமாளிப்பார்கள்?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை, லெக் அம்பயரும் இதை வாசிப்பார் என்று தோன்றியது.

அவர் செய்தது பிழை. பேஸ்போல் விதி 8.02 இதை நேராகவே சொல்கிறது: தீர்ப்புச் சொன்னவர் கேட்டாலொழிய மற்ற அம்பயர் அதைக் குறை சொல்லவோ மாற்றப் பார்க்கவோ கூடாது. ஆனால் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியது நீங்கள், அதுவும் விரலைத் தூக்குவதற்கு முன்னம். கிரிக்கெட் விதியிலும் இது இருக்கிறது, நம் மைதானங்களில்தான் யாரும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதை போய்விடுமாம்.

பேஸ்போலில் இரண்டே அம்பயர் நிற்கும் ஆட்டத்தைப் பாருங்கள். பந்தை அடித்தவன் முதல் பேஸ் என்ற இடத்துக்கு ஓட வேண்டும்; அவன் கால் படுமுன் அங்கே காலை வைத்தபடி எதிரணிக்காரன் பந்தைப் பிடித்தால் அவுட், இல்லையென்றால் சேஃப். முதல் பேஸில் நிற்பவர் ஓடிவருபவனின் கால் பேஸில் படுவதைக் கண்ணால் பார்ப்பார், பந்து கையுறைக்குள் விழும் சத்தத்தைக் காதால் பிடிப்பார். ஆனால் பந்தை எட்டிப் பிடித்தவனின் கால் பேஸை விட்டு எழும்பியதா என்பது அவர் நிற்கும் கோணத்தில் சரியாகத் தெரியாது. அதற்காகத்தான் பந்தை அடிக்கும் இடத்துக்குப் பின்னால் நிற்கும் ப்ளேட் அம்பயர் ஓட்டக்காரனுக்குப் பின்னாலேயே கொஞ்சத் தூரம் ஓடிவருவார். முன்னவர் அவரைக் காட்டிக் கால் இருந்ததா என்று கேட்பார், பதில் வந்த பிறகுதான் அவுட்டா சேஃபா என்பது. அரைகுறையாக மட்டையை வீசினானா என்ற சந்தேகமும் அப்படித்தான்: வலக்கை ஆட்டக்காரன் என்றால் முதல் பேஸ் அம்பயரைக் காட்டிக் கேட்பார்கள், அவர் முஷ்டியை உயர்த்தினால் வீசினான், கைகளை விரித்தால் இல்லை. பந்து போடும் முன்னமே தொப்பியைத் தொடுவது, மணிக்கட்டைக் காட்டுவது என்று ஒருவருக்கொருவர் சைகையில் ஞாபகப்படுத்திக்கொள்வதும் உண்டு.

எல்லாப் பிழையையும் கேட்டுத் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். 2010 ஜூன் 2, டெட்ராய்ட்டில் பந்து வீசிய அர்மாண்டோ கலராகா ஒருவரையும் பேஸுக்கு விடாமல் 26 பேரை வீழ்த்தியிருந்தார். இன்னும் ஒருவர் விழுந்தால் ஆட்டமே முடிந்திருக்கும். அந்த 27ஆவது ஆளை முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். பிழை. ஆனால் ஜாய்ஸுக்குச் சந்தேகமே வரவில்லை, பிறகு யாரைக் கேட்பார்? ரீப்ளேயைப் பார்த்து ஒத்துக்கொண்டார், மறுநாள் மைதானத்தில் கண் கலங்கினார். அப்படியான தீர்ப்புகளை வீடியோவில் திருப்பிப் பார்க்கும் முறை 2014இல்தான் வந்தது.

என் கதையையும் சொல்கிறேன். ஒருமுறை எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் பனி இறங்கி எல்லைக் கோடே தெரியாத நேரம், அங்கே பிடித்த கெட்சுக்குக் கூச்சலை மட்டும் நம்பி அவுட் கொடுத்தேன். என் லெக் அம்பயர் வாயே திறக்கவில்லை. மெச் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார், பந்து ஒரு குத்துக் குத்தி எழும்பியதாம். ஏன் அப்பவே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலியே மாஸ்டர்" என்றார்.